பெட்டியைத் திறக்கலாமா?

திரைப்படம் பார்த்துவிட்டு வரும் சிறுவர்களிடம், “உனக்கு எது பிடித்தது?” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் கதாநாயகனைச் சொல்வார்கள். வேறு சிலர் அவன் ஓட்டிய மகிழுந்தைச் சொல்வார்கள். வௌவால் மனிதனின் கருநிற ஊர்தி, காலத்தைக் கடந்து செல்லும் டெலோரியன், உளவாளி ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் ஆகியவை நடிகர்களுக்கு இணையான புகழைப் பெற்றவை. அவற்றை விலைக்கு வாங்குவது எளிதன்று. ஜேம்ஸ் பாண்ட் படத்தின் விளம்பரத்திற்காக உருவாக்கப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 மகிழுந்து ஒன்று, 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 6 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம் போனது. ஆனால், அதே மகிழுந்தின் சிறிய உருவத்தை நாம் உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளலாம். உலகின் பல நாடுகளில் பெரியவர்களும் சிறியவர்களும் இத்தகைய உலோகப் பொம்மை மகிழுந்துகளைத் தேடித் தேடிச் சேர்க்கின்றனர்.

வார்ப்பில் பிறக்கும் வண்டி

இந்தப் பொம்மைகளைக் கையில் எடுத்தவுடன் அவற்றின் கனம் தெரியும். அந்தக் கனத்துக்குக் காரணம் ஜாமாக் எனப்படும் உலோகக் கலவை. துத்தநாகத்தோடு அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்து இதனை உருவாக்குகின்றனர். இந்நான்கு உலோகங்களின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துகளிலிருந்தே அப்பெயர் அமைந்தது.

இக்கலவை 400 பாகை செல்சியசுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். உருகிய கலவையை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவார்கள். சில நொடிகளில் அது இறுகி மகிழுந்தின் உடலாகிவிடும். பிறகு, ஓரங்களில் உள்ள பிசிறுகளை நீக்கி, வண்ணம் பூசி, சின்னங்களை அச்சிட்டு, சக்கரங்களைப் பொருத்துவார்கள். அச்சு ஒன்றுதான்; அதிலிருந்து பல்லாயிரம் மகிழுந்துகள் பிறக்கும். இதனால்தான் இவற்றைக் குறைந்த விலைக்கு விற்க முடிகிறது.

பொம்மையின் பெட்டியில் 1:64, 1:43, 1:18 போன்ற எண்களைக் காணலாம். இவை அளவு விகிதத்தைக் குறிக்கும். நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு மகிழுந்தை 1:64 விகிதத்தில் செய்தால் அது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் இருக்கும். 1:18 விகிதத்தில் செய்தால் 25 சென்டிமீட்டர் இருக்கும்.

பொன்னிற உளவு மகிழுந்து

திரைப்பட மகிழுந்துப் பொம்மைகளின் வரலாற்றில் 1965-ஆம் ஆண்டு மிக முக்கியமானது. அவ்வாண்டில், பிரிட்டனின் கார்கி நிறுவனம் ஜேம்ஸ் பாண்டின் டிபி5 மகிழுந்தைப் பொம்மையாக வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு திரைக்கு வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் இடம்பெற்ற மகிழுந்து அது.

படத்தில் அம்மகிழுந்து வெள்ளி நிறத்தில் இருந்தது. பொம்மையோ பொன்னிறத்தில் வந்தது. வெள்ளி நிறம் பூசினால் வண்ணமே பூசாத வெறும் உலோகம்போலத் தோன்றும் என்று வடிவமைப்பாளர்கள் எண்ணியதே அதற்குக் காரணம். அப்பொம்மை வெறுமனே ஓடும் மகிழுந்தாக இருக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்புறம் துப்பாக்கிகள் வெளிப்படும். புகைபோக்கியை அழுத்தினால் பின்புறம் குண்டு துளைக்காத கவசம் எழும்பும். பக்கவாட்டில் இருந்த விசையைத் தட்டினால் கூரை திறந்து, உள்ளே அமர்ந்திருக்கும் பகைவனின் உருவம் வெளியே பறக்கும்! இரகசியக் குறிப்புகள் அடங்கிய சிறிய உறை, பகைவனின் மற்றோர் உருவம், சட்டையில் ஒட்டிக்கொள்ளும் 007 சின்னம் ஆகியவையும் பெட்டிக்குள் இருந்தன.

அப்போது அதன் விலை பத்து ஷில்லிங்குக்கு ஒரு பென்னி மட்டுமே குறைவு. பிள்ளைகள் அதனைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினர். அவ்வாண்டின் சிறந்த பொம்மை என்ற விருதையும் அது பெற்றது. அடுத்த ஆண்டே வௌவால் மனிதனின் ஊர்தியையும் கார்கி வெளியிட்டது. படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் அதில் வரும் ஊர்தியைக் கையிலும் வைத்துக்கொள்ள விரும்புகின்றனர் என்பதைப் பொம்மை நிறுவனங்கள் அன்று நன்கு புரிந்துகொண்டன.

பழைய பொம்மைக்கு ஏன் அந்த விலை?

1965-இல் வெளிவந்த அந்தப் பொன்னிற மகிழுந்து இன்று பெட்டியுடனும், பகைவனின் இரண்டு உருவங்களுடனும், கிழியாத உறையுடனும் கிடைத்தால், சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்க ஆயத்தமாக இருக்கின்றனர். அதே மகிழுந்து கீறல்களோடும் பெட்டி இல்லாமலும் இருந்தால் விலை மிகவும் குறைந்துவிடும்.

இதைக் கேள்விப்படும் இன்றைய இளையோர் பலர், “நானும் பொம்மை மகிழுந்துகளை வாங்கிப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் பிற்காலத்தில் பணக்காரன் ஆகலாமே!” என்று எண்ணுகின்றனர். இந்த எண்ணம் சரியா?

சற்று ஆழ்ந்து சிந்திப்போம். அன்றைய பிள்ளைகள் அம்மகிழுந்தை விளையாடுவதற்காகவே வாங்கினர். பெட்டியை வீசி எறிந்தனர். பகைவனின் உருவம் கூரை வழியாகப் பறந்து கட்டிலுக்கடியிலும் புல்வெளியிலும் தொலைந்துபோனது. உறை கிழிந்தது, வண்ணம் உரிந்தது. இலட்சக்கணக்கில் விற்ற பொம்மைகளில் முழுமையாக எஞ்சியவை மிகச் சிலவே. அவை அரிதானதால்தான் விலை உயர்ந்தது. அதாவது, பழைய பொம்மையின் இன்றைய மதிப்பை உருவாக்கியவர்கள், பெட்டியைத் திறந்து ஆசை தீர விளையாடிய பிள்ளைகளே!

இன்றைய நிலை அவ்வாறில்லை. நிறுவனங்கள் ஒரே மகிழுந்தைப் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கின்றன. வாங்குவோரில் பலர் அதனைத் திறக்காமலே அடுக்கி வைக்கின்றனர். எல்லாரும் பாதுகாத்தால் எதுவும் அரிதாகாது. ஆகவே, பேரங்காடியில் இன்று வாங்கும் பொம்மை நாளை பன்மடங்கு விலை போகும் என்று நம்பிச் சேமிப்புப் பணத்தைச் செலவிடுவது அறிவுடைமை ஆகாது. பிடித்திருந்தால் வாங்கலாம், பணம் பெருகும் என்பதற்காக வாங்கக்கூடாது.

நம் மண்ணில் உருவாகும் மகிழுந்துகள்

உங்களிடம் ஹாட் வீல்ஸ் மகிழுந்து இருந்தால் அதனைத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். பலவற்றில் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968-இல் அறிமுகப்படுத்திய ஹாட் வீல்ஸ் மகிழுந்துகள், பினாங்கு மாநிலத்தின் பிறை வட்டாரத்திலுள்ள தொழிற்சாலையிலும் உருவாகின்றன. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு சிறுவன் வியந்து பார்க்கும் வௌவால் மனிதனின் ஊர்தி, நம் நாட்டுத் தொழிலாளர்களின் கைகளைக் கடந்து சென்றதாக இருக்கலாம். ஒரு பொம்மையைச் சேகரிப்பவர் அதனை யார், எங்கே, எப்படிச் செய்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால் அவருடைய சேகரிப்புக்குப் பொருள் கூடும்.

காக்கும் முறை

பொம்மை மகிழுந்துகளுக்கும் பகைவர்கள் உண்டு. முதற்பகை வெயில். நேரடியாக வெயில் படும் இடத்தில் வைத்தால் வண்ணம் மங்கும். இரண்டாம் பகை ஈரப்பதம். நம் நாட்டின் ஈரமான காற்றில் அட்டைப்பெட்டிகள் தளர்ந்து பூஞ்சை பிடிக்கும். மூடிய கண்ணாடி அலமாரியும் ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலங்களும் இதற்கு உதவும்.

மூன்றாம் பகை உலோகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், காலப்போக்கில் உலோகம் வீங்கி, விரிசல் விட்டு, இறுதியில் நொறுங்கிவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட பொம்மைகள் பலவற்றை இக்கேடு அழித்துவிட்டது. இதற்கு மருந்து இல்லை. அதனால்தான் இன்றைய தொழிற்சாலைகள் தூய்மை மிக்க துத்தநாகத்தையே பயன்படுத்துகின்றன.

சேகரிப்பாளர்கள் இவ்வாறு காத்து வைத்த பொருள்களே பிற்காலத்தில் அருங்காட்சியகங்களை நிரப்புகின்றன. சிங்கப்பூரின் சியா சாலையில் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2007-இல் திறக்கப்பட்டது. முந்தைய தலைமுறைப் பிள்ளைகள் எவற்றைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதை அத்தகைய இடங்களில் நாம் நேரில் காணலாம்.

அளவறிந்து சேர்ப்போம்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. எல்லாவற்றையும் வாங்க முயல்பவருக்கு எதையும் இரசிக்க நேரம் இருக்காது. ஒரு படத்தின் ஊர்திகளை மட்டும், அல்லது ஒரே மகிழுந்தின் பல உருவங்களை மட்டும் சேர்ப்பது என்று ஓர் எல்லையை வகுத்துக்கொள்வது நல்லது. மாதந்தோறும் கைச்செலவுப் பணத்தில் எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். விலை உயர்ந்த பழைய பொம்மைகளில் போலிகளும் உண்டு. புதிதாக அச்சிட்ட பெட்டிக்குள் பழைய மகிழுந்தை வைத்து விற்போரும் உள்ளனர். ஆதலால், பெற்றோரைக் கலந்து பேசாமல் இணையத்தில் பணம் செலுத்தக்கூடாது.

அப்படியானால், பெட்டியைத் திறக்கலாமா? ஒரே ஒரு மகிழுந்து மட்டும் எஞ்சியிருந்தால், அது வரலாற்றுச் சான்று. அதனைக் காக்கத்தான் வேண்டும். கடை அலமாரியில் அதன் உடன்பிறப்புகள் நூறு நின்றால், தயங்காமல் திறக்கலாம். சக்கரம் சுழல வேண்டும் என்பதற்காகத்தானே அதற்குச் சக்கரம் பொருத்தினார்கள்!

சிந்தித்துப் பேசுக

1. பழைய பொம்மைகளின் இன்றைய மதிப்பை உருவாக்கியவர்கள், அவற்றை வைத்து விளையாடிய பிள்ளைகளே என்று கட்டுரை கூறுவது ஏன்? விளக்குக.
2. உலோகப் பொம்மைகளைப் பாதிக்கும் மூன்று பகைகளையும் அவற்றுள் தடுக்கக்கூடியவை எவை என்பதையும் கூறுக.
3. உன் தம்பி தன் சேமிப்பு முழுவதையும் செலவிட்டுப் பொம்மை மகிழுந்துகளை வாங்கி, அவற்றைத் திறக்காமல் வைக்க விரும்புகிறான். அவனுக்கு நீ என்ன சொல்வாய்? நண்பர்களுடன் கலந்துரையாடுக.