நாட்டு மருந்தும் மருந்துதான்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் உடம்புக்கு ஒன்று என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நாட்டு மருந்துக் கடைதான். மூட்டுவலிக்கு ஒரு தைலம், சளிக்கு ஒரு சூரணம், காமாலைக்கு ஒரு பிடி கீழாநெல்லி. சித்த மருத்துவத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பினாலேயே இதை எழுதுகிறேன். ஒரு பொருள் நோயைத் தீர்க்கும் என்று நம்பும்போது, அதற்கு வீரியம் உண்டென்று ஒப்புக்கொள்கிறோம். வீரியம் இருந்தால் அளவும் உண்டு, ஆபத்தும் உண்டு. முதன்முறையாகச் சித்த மருத்துவம் பார்க்க நினைப்பவர்கள் இவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

நம்பிக்கை: பச்சிலைதானே, பக்கவிளைவு இருக்காது.

உண்மை: நம் கரிசல் காட்டில் ஆடுதின்னாப்பாளை தரையோடு படர்ந்து கிடக்கும். சாம்பல் பூத்த பச்சை இலை, கருஞ்சிவப்பில் குழல் போன்ற பூ, ஆடுகூட வாய் வைக்காத கசப்பு. வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த இனச் செடிகளில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய வேருக்குப் பதிலாக இதே இனத்துச் செடி ஒன்றின் வேர் கலந்திருந்ததே காரணம். பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கு மேல். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இவ்வினச் செடிகள் சேர்ந்த மருந்துகள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் அறிவித்தது.

நம்பிக்கை: சித்த மருந்தில் மூலிகையைத் தவிர வேறெதுவும் கிடையாது.

உண்மை: பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர்கள் நன்கறிந்த கெந்தகமும் வெடியுப்பும் சித்த மருந்துகளிலும் உண்டு. பாதரசம், காரீயம், பாடாணங்களும் உண்டு. ரசகந்தி மெழுகில் பாதரசமும் கெந்தகமும் சேர்கின்றன. முறையாகச் சுத்தி செய்து அளவோடு கொடுக்க வேண்டும் என்பது சித்த மருத்துவத்தின் சொந்த விதி. அளவு மீறினால் பாதரசமும் காரீயமும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். நச்சுப் பொருள் சேர்ந்த மருந்தின் சீட்டில், மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

நம்பிக்கை: சதுரகிரி மலை மூலிகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

உண்மை: வேரோ பட்டையோ காய்ந்து பொடியான பிறகு, அது எந்தச் செடி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரஸ்ஸல்ஸில் நடந்ததும் ஆள்மாறாட்டம்தான். மலையின் பெருமை பொடியின் தரத்துக்குச் சான்றாகாது. சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறைக்கு மேலே விரியும் அந்தக் காடு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே செடி பறிப்பது குற்றமும்கூட.

நம்பிக்கை: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதும்.

உண்மை: 1988-இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பரூக் புளும்பெர்க்கும் மற்றவர்களும் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி உட்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலை பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும், மதுவால் ஈரல் கெட்டாலும் கண் மஞ்சளாகும். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்; பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். ரத்தப் பரிசோதனை செய்து காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகே மருந்து.

நம்பிக்கை: தீக்காயம் பட்டதும் மஞ்சளோ தைலமோ தடவ வேண்டும்.

உண்மை: பட்டாசு ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது இது. தீயை அணைத்ததும், குழாய்த் தண்ணீர் காயத்தின் மீது 20 நிமிடம் ஓடட்டும். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சிவகாசி அரசு மருத்துவமனையிலேயே தீக்காயப் பிரிவு இருக்கிறது. மஞ்சள், பேனா மை, பற்பசை தடவினால் காயத்தின் ஆழம் மருத்துவருக்குத் தெரியாமல் போகும், கிருமியும் சேரும். ஊமத்தை இலைச்சாறும் மயில்துத்தமும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த மத்தன் தைலம் ஆறாத புண்களுக்குப் பேர்போனது. அதையும் முதலுதவியாக ஊற்றக் கூடாது.

நம்பிக்கை: நாட்டு மருந்து தொடங்கிவிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம்.

உண்மை: இன்சுலினைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையோடு சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். எதைச் சாப்பிட்டாலும் சித்த மருத்துவர், ஆங்கில மருத்துவர் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயை அடியோடு தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிச் சுவரில் எழுதியிருப்பவரிடம் போகவே வேண்டாம்.

யாரிடம் போவது? சித்த மருத்துவப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. நமக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு. காசு கேட்க மாட்டார்கள். போகும்போது பரிசோதனைச் சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளையும் கொண்டு போங்கள். ஆலையில் எந்தப் பொடியைக் கையாளுகிறீர்கள் என்பதையும், கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். என்ன மருந்து, எதற்காக, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். பதில் சொல்ல மறுப்பவரிடம் உங்கள் உடம்பை ஒப்படைக்காதீர்கள்.