கிளச் ஒட்டிக்கொண்டதா? கியர் பாக்ஸில் கைவைக்க விடாதீர்கள்

2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய வண்டிகளில் என் பழைய ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவும் ஒன்று. ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியதாக அதிகாரிகளே சொன்ன வெள்ளம் அது. தண்ணீர் வடிந்ததும் என்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் எல்லாம் மாற்றி, ஸ்டார்ட்டரைக் கழற்றிக் காயவைத்தோம். வீட்டிலிருந்த சேற்றை அள்ளுவதற்கே நேரம் போனதால் வண்டி சில வாரங்கள் அசையாமல் நின்றது. பிறகு என்ஜின் ஓடியது, கியர் மட்டும் விழவில்லை.

கிள்ளானில் ஒரு பட்டறைக்கு இழுத்துப்போனேன். பெடல் கெட்டியாக இருக்கிறது, கியரில் போட்டு சாவியைத் திருப்பினால் கிளச்சை மிதித்திருந்தாலும் வண்டி முன்னால் பாய்கிறது என்று தெளிவாகச் சொன்னேன். காதில் வாங்காமல் மாஸ்டர் சிலிண்டரையும் ஸ்லேவ் சிலிண்டரையும் புதிதாக மாற்றிவிட்டுப் பில்லை நீட்டினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. அடுத்து, “கியர் பாக்ஸை இறக்கணும்” என்றார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். சிலிண்டர் போயிருந்தால் பெடல் தொளதொளவென்று உள்ளே போகும். வண்டிக்கு அடியில் குனிந்து, ஒருவர் பெடலை மிதிக்கும்போது ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு கிளச் ஃபோர்க்கை முழுதாகத் தள்ளுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். என் வண்டியில் தள்ளியது. அப்படியானால் பழுது உள்ளே: ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, வண்டி நிற்கும்போது கிளச் பிளேட் அதன்மேல் அழுந்தியே இருக்கும், இடையில் புகுந்த வெள்ளநீர் துருவை உண்டாக்கி இரண்டையும் ஒட்டிவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் மச்சான், “பழைய இரும்புக்குப் போடுங்க மாமா” என்றார். ஓட்டியே அந்தத் துருவை உடைத்துப் பார்க்கலாம் என்று நான் வண்டியை லாரியில் ஏற்றி, காப்பார் பக்கம் தெரிந்தவரின் செம்பனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஆள் நடமாட்டமில்லாத, நீளமான, சமதளமான செம்மண் பாதை அங்கே இருந்தது. வீட்டு வாசலில் இதைச் செய்யவே கூடாது. சாவியைத் திருப்பிய கணமே வண்டி ஓடும்.

என்ஜினை நியூட்ரலில் நன்றாகச் சூடேற்றி அணைத்தேன். லோ ரேஞ்சில் போட்டு, இரண்டாவது கியரில், கிளச்சை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்தேன். வண்டி நகர்ந்தது. கிளச்சிலிருந்து காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் சட்டென்று விடுவதும், இடையிடையே பிரேக்கைத் தட்டுவதுமாகப் போனேன். அந்தக் குலுக்கல்தான் துருவை உடைக்கும். பொறுமை வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டால் அது கருகிப்போகும். திடீரென்று ‘டக்’கென ஒரு சத்தம்; கிளச் விட்டது. பிறகு கிளச்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டு ஓட்டி, மிச்சத் துருவைத் தேய்த்தெடுத்தேன். கியர் பாக்ஸை இறக்கவே இல்லை. பிளேட்டின் லைனிங் பிய்ந்து அதிர்வு வந்திருந்தால் மட்டுமே அந்த வேலை தேவைப்பட்டிருக்கும்.

இப்போது மழைக்காலத்தில் வண்டியை நெடுநாள் நிறுத்தினால், கிளச் பெடலை அழுத்தி, சீட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைக்கிறேன்.

கிள்ளான் ஆற்றோரத் தாமான்களில் இருப்பவர்களே, பட்டறைக்குப் போனால் முதலில் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு அசைவதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.