வோல்ட்டைப் பாராக மாற்ற

தண்ணீர் பம்ப், கம்ப்ரசர் லைன்களில் மாட்டும் மூன்று வயர் பிரஷர் சென்சார்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடி, 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தருபவை. உங்களுடையதும் அப்படித்தானா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தமே இல்லாதபோது 0.5, முழு அழுத்தத்தில் 4.5. கணக்கு சுலபம்: வந்த வோல்ட்டில் 0.5-ஐக் கழித்து, 4-ஆல் வகுத்து, சென்சாரின் உச்ச அழுத்தத்தால் பெருக்குங்கள். 10 பார் சென்சாரில் மல்டிமீட்டர் 1.7 காட்டினால், 1.2 ÷ 4 × 10 = 3 பார். ஏறக்குறைய 30 மீட்டர் உயரத் தண்ணீர்.

பலர் கோட்டைவிடுவது சப்ளையில். இவ்வகையில் பல, சப்ளை வோல்ட்டுக்கு ஏற்ப அவுட்புட்டையும் மாற்றும். மொபைல் சார்ஜரிலிருந்து 4.7 வோல்ட்தான் வருகிறதென்றால், அழுத்தமில்லாத நிலையே 0.47 ஆகிவிடும். அதனால் முதலில் சப்ளையை அளந்து, அவுட்புட்டை 5 ÷ சப்ளை என்ற விகிதத்தால் பெருக்கிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். ஆர்டுயினோ ஊனோவில் சென்சாருக்கும் போர்டுக்கும் ஒரே 5 வோல்ட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. போர்டு படிக்கும் எண் 1023-க்கு எத்தனை என்பதை அப்படியே 5 வோல்ட்டுக்கு மாற்றினால் போதும்.

மீட்டர் 0 காட்டினால் அழுத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. வயரைப் பாருங்கள்.