மீன்பிடித் தடைக்காலம் தரும் பாடம்

ஏப்ரல் 15 பிறந்தால் சேலத்தில் மீன் விலை ஏறும். மலை ஏறி ஏற்காடு வரும்போது இன்னும் ஏறும். "ஹலாலான உணவுக்கு ஏன் தடை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

கடல் உணவை அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கினான் (அல்மாயிதா 5:96). அதே வசனம் இஹ்ராமில் இருப்போருக்குத் தரை வேட்டையைத் தடுக்கிறது. மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். ஆக, ஹலாலானதற்கும் காலத்தாலும் இடத்தாலும் வரம்பு உண்டு.

தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலும் இந்த இரு வரம்புகளைக் காணலாம்.

இடம்: கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அது நாட்டுப்படகுக்காரரின் பங்கு.

காலம்: கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் முட்டையிடும் காலம் அது. இழுவலை சினை மீனையும் குஞ்சையும் சேர்த்தே அள்ளிவிடும். இலங்கை 2017இல் இழுவலையையே தடை செய்தது.

நமக்கு இரண்டு மாதம் மீன் குழம்பு குறையும். படகில் கூலிக்குப் போகும் மீனவருக்கோ வருமானமே நின்றுவிடும். அரசு நிவாரணம் தந்தாலும் அது முழுக் கூலிக்கு ஈடாகாது. எனவே குஞ்சு மீனைக் கேட்டு வாங்காதீர்கள். வாங்கியதை வீணாக்காதீர்கள். உங்கள் ஸதகாவில் அக்குடும்பங்களையும் நினைவில் வையுங்கள். கடல் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்து அல்லாஹ் தந்த அமானிதம்.