நிரல் தெரியாதவரும் தெரு விளையாட்டு அமைக்கலாம்



கைப்பேசியைப் பிடித்தபடி தெருத் தெருவாக நடந்து ஆடும் விளையாட்டை 2016-இல் 'போக்கிமான் கோ' உலகெங்கும் பரப்பியது. அதே ஆண்டு ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் சுமார் 3,000 கடைகளை அந்த ஆட்டத்தின் இடங்களாக்கி, வாடிக்கையாளரை வரவழைத்தது. இது பெருமுதல் போட்டவர்கள் காரியம். ஆனால் கணினி நிரல் எழுதத் தெரியாதவரும் இத்தகைய விளையாட்டை அமைப்பதற்கான கருவிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஆரிஸ்', எம்.ஐ.டி.யில் உருவான 'டேல்பிளேசர்' ஆகிய இரண்டும் இலவசமாகவே தரப்பட்டன.

வேலை எப்படி? ஏறக்குறைய நாம் சரக்குப் பேரேடு எழுதுவதைப் போன்றதுதான். ஆரிஸில் முக்கியமானவை நான்கு: இடம், ஆள், பொருள், நிபந்தனை. வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்க வேண்டும். அங்கே பேசும் ஆளையும் கொடுக்கும் பொருளையும் வைக்க வேண்டும். 'இந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் அவர் பேசுவார்' என்று நிபந்தனை போட வேண்டும். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். டேல்பிளேசரில் கட்டளைகளை வண்ணக் கட்டைகளாகக் கோத்தால் போதும்.

ஜிம் மாத்யூஸ் என்ற ஆசிரியர் ஆரிஸில் 'டவ் டே' என்ற விளையாட்டை அமைத்தார். நேபாம் குண்டுப் பொருள் தயாரித்த டவ் நிறுவனத்தை எதிர்த்து, 1967-இல் மேடிசனில் மாணவர்கள் நடத்திய போராட்டமே அதன் கதை. ஆடுபவர் ஒரு நிருபராக அதே வளாகத்தில் நடக்கிறார். சம்பவம் நடந்த இடத்தில் நின்றால் அன்றைய படக்காட்சி திரையில் வருகிறது. இங்கே அவர் போட்ட முதல் எது? ஊரைப் பற்றிய அறிவுதான்.

செய்ய விரும்புவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: திறந்தவெளியிலேயே கைப்பேசி இடம் காட்டுவதில் சுமார் 5 மீட்டர் பிசகலாம். நெருக்கமான கடைத்தெருவில் இன்னும் கூடும். ஆகவே கடைக்குக் கடை இடம் வைக்காமல், முனைக்கு ஒன்றாக வைப்பது நல்லது.

இரண்டு: ஆடுபவர் கண் திரையில் இருக்கும். வண்டி போகும் நடுத்தெருவில் எதையும் வைக்கக் கூடாது.

மூன்று: கருவி நமக்குச் சொந்தமல்ல, அடுத்தவர் கிடங்கு. நிரல் அறியாதவரும் கேமராக் காட்சிகள் செய்ய உதவிய 'மெட்டா ஸ்பார்க்' 2025 ஜனவரி 14-இல் மூடப்பட்டது. வெளியார் அதில் செய்து வைத்த காட்சிகளும் அத்துடன் நீக்கப்பட்டன. ஆகையால் கதை, படம், நிபந்தனை அனைத்தையும் தனி நோட்டில் எழுதி வையுங்கள். கிடங்கு மூடினாலும் சரக்கு நம்மிடம் இருக்க வேண்டும்.