சக்கரத்தில் குடும்பம்: வண்டிக்கு முன்னால் இடம் தேடுங்கள்

கேள்வி: நானும் கணவரும் வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்க்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அமைத்து, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு மூன்று வருடம் நாடு முழுக்கச் சுற்றியபடியே வாழ ஆசை. மாமியாரோ, “வயசுப் பிள்ளைய வச்சிக்கிட்டு ரோட்டுலயா குடும்பம் நடத்துவிய?” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, ஆழ்வார்திருநகரி

பதில்: உங்கள் ஆசையும் நியாயம், மாமியாரின் கவலையும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் இன்னும் பதில் கிடைக்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?

குடும்பத்தோடு இடம் மாறி மாறி வாழ்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் பெண்டு பிள்ளைகளோடு ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வரை போகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம். அதற்கு நிலக்காரர் நெல்லோ பணமோ கொடுக்கிறார். யார் வயலில் கிடை, எத்தனை ராத்திரி என்பதெல்லாம் பேசி முடித்த விஷயம். உங்கள் கரையிலும் முத்துக்குளிப்புக் காலத்தில் கடலோரத்தில் ஒரு தற்காலிக ஊரே எழும்பும். தூத்துக்குடியில் 1961-ல் கடைசிக் குளிப்பு நடந்த வரைக்கும், கடலடியில் எந்தப் பாரில் (சிப்பித் திட்டில்) குளிப்பு, எப்போது என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். அதற்கேற்பத்தான் ஆட்கள் கூடுவார்கள். போகிற இடத்தில் தங்க உரிமை இருந்ததால்தான் அந்தக் குடும்பங்களால் அப்படி வாழ முடிந்தது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கேரவன் குடும்பங்களுக்கென்றே தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவை இறக்கும் வசதி மூன்றும் உள்ள நிறுத்துமிடங்கள் ஏராளம். நம் நாட்டில் இப்போதுதான் தொடக்கம். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா ஒரு பிரிவு. ஆனால் கேரவன் பயண வீடியோக்களில் தெரிகிற மாதிரி நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கும் நிலைமை இங்கே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் படுத்தால் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள்தான் இலக்கு.

ஆகவே என் முடிவு இது. போங்கள், ஆனால் ஒரு கல்வியாண்டுக்கு மேல் வேண்டாம். வீட்டை வாடகைக்கு விடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் நீடித்தாலோ, மகளுக்கு மனம் ஒட்டவில்லை என்றாலோ, மறுநாளே திரும்பிவர ஒரு வீடு வேண்டும். பாதையில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு இடங்களையாவது பேசி வைத்துக்கொண்டு, அதன் பிறகு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: பழைய டெம்போ டிராவலரை உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்து மாற்றினால் போதுமா? எந்த வண்டியாக இருந்தாலும் ஆர்.சி. இருந்தால் போதும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தனித் தரவிதி இருக்கிறது. அந்த ஒப்புதல் பெற்றுக் கட்டித்தரும் நிறுவனத்திடம் போங்கள், ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வகை கேரவன் என்றே ஏற வேண்டும். பன்னிரண்டு இருக்கை வேன் என்று ஆர்.சி. சொல்ல, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடும்.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் உங்கள் இலகுரக வாகன உரிமமே போதும். ஒரே வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஒரு வருடத்தோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

கேள்வி: சமையல், மின்சாரம், கழிப்பறை – நான்கு பேருக்குச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், கணக்குப் போட்டு வாழ்ந்தால். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 2.4 யூனிட் இருக்கும். 30 வாட் மின்விசிறி இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டு லேப்டாப், சிறிய ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் சேர்த்தால் பேட்டரி கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஒரு டன் ஏ.சி. போட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவது சந்தேகம். கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் திரும்ப ஏறும். ஆகவே கோடையில் ஏ.சி.யை நம்பாதீர்கள், மலைப்பக்கம் போங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் தேவை என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. நான்கு பேர் வாளியில் குளித்தாலே நாளைக்கு 60 லிட்டர் போய்விடும். சமையல், கழிப்பறை, துணி துவைப்பதையும் சேர்த்தால் 200 லிட்டர் தொட்டி இரண்டு நாள்தான். குளியலையும் துணி துவைப்பதையும் தங்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரைச் சமையலுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் வையுங்கள்.

கேஸ் விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது யாத்ரீகர்கள் இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள்; ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் கதவு வண்டிக்கு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அதன் அடியில் காற்றுத் துளை வேண்டும். கேஸ் கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டியும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கை அருகிலும் பொருத்துங்கள். ஆள் உள்ளே தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது.

கழிப்பறைக்கு இழுத்து எடுக்கும் கழிவுப்பெட்டி வைப்பது நல்லது. அது 20 லிட்டர் அளவுதான் கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கத்துக்கு இரண்டு நாளுக்குள் நிரம்பிவிடும். அதைச் செப்டிக் தொட்டி உள்ள கழிப்பறையில் மட்டுமே கொட்ட வேண்டும். ஆற்றிலோ வாய்க்காலிலோ ஒருபோதும் கூடாது. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த ஊரின் ஆறும் அந்த ஊருக்குக் குடிதண்ணீர்தான்.

கேள்வி: பிள்ளைகள் படிப்பு?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். மகன் சிறுவன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு. இல்லையென்றால் ஒரு வருடம் வீட்டுப் படிப்பு படித்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பலாம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை, டி.சி. தாமதமாகிறது என்ற காரணத்துக்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது.

மகளின் நிலை வேறு. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளிப் படிப்பைப் பார்க்கிறது. நடுவில் ஒரு வருடம் டி.சி. வாங்கினால் இந்த இரண்டும் கைவிட்டுப் போகக்கூடும். பின்னால் வருந்துவதைவிட, தலைமையாசிரியரிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். என் யோசனை: அந்த ஒரு கல்வியாண்டிலும் மகளின் பெயரைப் பள்ளியிலேயே வைத்திருங்கள். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் முழுக் குடும்பமும் வண்டியில் போங்கள். மற்ற மாதங்களில் கணவன் மனைவி முறைவைத்து ஒருவர் ஊரில் இருங்கள்.

அதற்கும் முன்னால், மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பதின்மூன்று வயதில் அவளுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் இடமும், மாதவிடாய் நாளில் கூச்சமில்லாமல் பயன்படுத்தக் கழிப்பறையும், பேச ஒத்த வயசுத் தோழியும் வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும்.

கேள்வி: ரேஷன், ஓட்டு, இதெல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது. தற்காலிகமாக வெளியூர் போவதால் மட்டும் வாக்காளர் பட்டியலில் இருக்கும் உரிமை அற்றுவிடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 2025 கடைசியில் நடந்த பட்டியலின் தீவிரத் திருத்தத்தில் அலுவலர்கள் வீடு வீடாகப் படிவத்தோடு வந்ததை நினைவில் வையுங்கள். வீடு பூட்டியிருந்தால் சிக்கல்தான். வீட்டை வாடகைக்கு விடாமல் மாமியார் அங்கே இருந்தால் அதற்கும் காவல். ரேஷன் அட்டைக்கு 2020 முதல் தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் வசதி இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம், ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி, எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. நவதிருப்பதிக்கும் திருச்செந்தூருக்கும் வேனில் வருகிறவர்கள் இரவு தங்க இடம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், தென்திருப்பேரை

பதில்: மனமார வரவேற்கிறேன். நாலு வேன் நிற்கக் கெட்டியான சமதரை, ஒரு தண்ணீர்க் குழாய், எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக், செப்டிக் தொட்டியோடு இரண்டு கழிப்பறை, ராத்திரி எரியும் விளக்கு, பூட்டும் கேட் – இவை இருந்தால் போதும். தேங்காய் விழும் மரத்தடியில் யாரையும் நிறுத்தவிடாதீர்கள். ஊராட்சியிலும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் சொல்லி, பதிவு தேவையா என்று கேட்டுச் செய்யுங்கள். தங்குகிறவரின் அடையாள அட்டை நகல் வாங்குங்கள்.

இடத்தின் மட்டத்தை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு வந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. அந்த வெள்ளம் தொட்ட தோப்பு என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேட்டைப் பூட்டி வையுங்கள். மழை விட்ட தை, மாசியில் திறந்தால் போதும்.

இந்தக் கேள்வியை அனுப்பியவரைப் போல நவதிருப்பதியிலிருந்து மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரி வரை ஊருக்கு ஒருவர் முன்வந்தால், பிள்ளைகுட்டிகளோடு வருகிற குடும்பங்கள் சாலையோரத்தில் படுக்க வேண்டிய அவசியமே இருக்காது. தோப்பும் தண்ணீரும் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த ஆண்டே யோசியுங்கள்.