பழைய காரின் பெற்றோல் கோளாறு: சில்லறைச் செலவில் தொடங்குங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பின்பும் புதுவாகன விலை சிறு வியாபாரிக்கு எட்டவில்லை. ஆகவே காபரேட்டர் பூட்டிய பழைய சன்னியும் கொரோலாவும் இன்றும் சரக்குச் சுமக்கின்றன. அது வழியில் நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றது.

வண்டி இழுக்கவில்லை என்றதும், "காபரேட்டர் போய்விட்டது" என்று முடிவுகட்டிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்கு வருவோர் பலர். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். பிளக்கில் தீப்பொறி சரியாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், தாங்கியிலிருந்து பெற்றோல் வரும் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள். மலிவான சாமான்களே முதலில் வரும்.

1. தாங்கி மூடி: சில மைல் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறதா? நின்றவுடன் மூடியைத் திறவுங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் போதும்.

2. பில்டர்: மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினால் இதை மாற்றுங்கள். புது பில்டரும் சில நாளில் செந்நிறமானால் தாங்கிக்குள் துரு இருக்கிறது. 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலின்றி மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் இதை முக்கியமாகப் பாருங்கள். தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் பில்டர் மாற்றிப் பயனில்லை.

3. இறப்பர் குழாய்: தாங்கிக்கும் பம்புக்கும் இடையே வெடிப்பிருந்தால், வெளியே ஒரு துளி சொட்டாமலே காற்றை இழுக்கும்.

4. பம்ப்: எஞ்சின் ஒயில் கம்பியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாடை வீசி, ஒயில் மட்டமும் கூடியிருந்தால் பம்பின் டயபிரம் கிழிந்திருக்கக்கூடும். அந்த ஒயிலுடன் ஓட்டினால் எஞ்சினே தேய்ந்துபோகும்.

5. காபரேட்டர்: சும்மா நிற்கையில் அணைந்து, அக்சிலேட்டரை மிதித்தால் ஓடுகிறதா? ஸ்லோ ஜெட் அடைபட்டிருக்கலாம். கறுப்புப் புகையும் பெற்றோல் வாடையும் வந்தால் மிதவையையும் ஊசி வால்வையும் பார்க்க வேண்டும். அநேகமாகக் கழுவி, கிட் மாற்றினாலே சரியாகிவிடும். முழுக் காபரேட்டர் வாங்குவது கடைசி வழி.

இவற்றில் கைவைக்குமுன் எஞ்சின் ஆறட்டும். பெட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் கூடாது. சூடான எஞ்சினில் சொட்டும் பெற்றோல் வண்டியையும் ஆளையும் சேர்த்தே எரித்துவிடும்.

உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பில்டர் மாற்ற வேண்டியவனுக்குக் காபரேட்டரை விற்றால் அன்றைக்கு இலாபம்தான். ஆனால் அறியாதவனின் அறியாமையில் சம்பாதித்த காசில் பரகத் இருக்காது. "முதலில் பில்டரை மாற்றிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த வாடிக்கையாளர் அடுத்த சாமானுக்கும் உங்கள் கடைக்கே வருவார், இன்ஷா அல்லாஹ்.